அறுபத்தெட்டு வீதத்தில் நின்ற மாமனார்

ஒரு மனிதனின் வாழ்க்கையைக் காலம் எழுதுகிறது. அரசுகள் கவிழலாம், வாவி வற்றலாம்; நல்லவன் ஒருவனின் வரலாறு மட்டும் எந்தத் தடைக்கும் நிற்பதில்லை.

அருமைநாயகத்தின் வரலாறு அறுபத்தெட்டு வீதத்தில் நின்றது.

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, ஏழாவது தடவையாக. நீலக்கோடு மெல்ல மெல்ல வலப்பக்கம் ஊர்ந்து, அறுபத்தெட்டைத் தொட்டு, ஒரு கணம் யோசித்தது. பிறகு எடிட்டிங் மென்பொருள் தன்னைத்தானே மூடிக்கொண்டது. எதிர்பாராத தவறு நேர்ந்துவிட்டதென்றும், அதற்கு வருந்துவதாகவும் ஆங்கிலத்தில் ஒரு சிறு பெட்டி வந்தது. அந்த வீட்டில் அன்றைக்கு வருந்திய ஒரே ஜீவன் அதுதான்.

"மறுகாவும் செத்துப் போச்சா?" என்றார் அருமைநாயகம், கதிரைக்குப் பின்னால் நின்றபடி.

"சாகல்ல மாமா. கிறாஷ் ஆகிட்டு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கிறாஷ் ஆனா திரும்ப எழுப்பலாம்."

"அப்ப எழுப்பு. நாலு மணிக்குச் சபை கூடுது."

நிலோஜன் எழுப்பினான். மருமகன் என்ற பதவிக்கு அந்த வீட்டில் இருந்த வேலை விபரம் அவ்வளவுதான்.

அருமைநாயகம் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் ஒரு கந்தோரில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கையால் நகர்ந்தவை கோப்புகள். அவையும் அடிக்கடி நகர்ந்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான், வயல் வட்டை ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் கொண்டுவந்தது தானென்பது அவருக்கே தெரியவந்தது. உடனே தனக்கொரு பாராட்டு விழாக் குழு அமைத்தார். குழு அவரை ஏகமனதாகத் தெரிவுசெய்தது. விழாவில் காட்ட இருபத்திரண்டு நிமிட வாழ்க்கைப் படம் ஒன்று வேண்டும், பெயர் 'நீர் கொணர்ந்த நாயகன்' என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவரும் அவரே.

படம் எடுக்கும் பொறுப்பு, சம்பளமில்லாமல், நிலோஜனுக்கு வந்தது. அவன் கல்லடியில் இதே வீட்டின் முன்னறையில் 'நிலோ விஷன்' நடத்துகிறான். கல்யாண வீடு, பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியச் சடங்கு என்று தொண்ணூறு வீடியோ எடுத்தவன். அதில் பதினேழில் பொம்பிளை தாமரைப் பூவுக்குள்ளிருந்து வெளியே வருவாள். விசிட்டிங் கார்ட்டில் மட்டும் 'இயக்குநர்' என்றிருக்கும். இந்தப் பக்கத்து வழமைப்படி கல்யாணமான கையோடு பெண்வீட்டுக்குக் குடிவந்தவன். அதில் அவமானம் ஒன்றுமில்லை. அவமானம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஆறு கிழமைக்கு முன் மாமனார் வைத்த நிபந்தனையைச் சென்ற வாரம் பார்த்தோம். "படம் குறையில்லாம ஓடினா முன்னறை காலத்துக்கும் உனக்கு. ஓடாட்டி திங்கக்கிழமையில இருந்து அது என்ட மக்கள் தொடர்பகம். உன்ட சாமானெல்லாம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில." ஆட்கள் முன்னால் அவர் மருமகனை 'நீங்க' என்பார். வீட்டுக்குள் 'நீ'.

ஆக, இன்று நாலு மணிக்கு நிலோஜனுக்குத் தொழில் செய்ய ஓர் அறை இருக்கும், அல்லது கோழிகள் இருக்கும்.

தனுஷா தேத்தண்ணீரோடு வந்தாள். ஒரு கோப்பைதான். அதைத் தகப்பனிடம் நீட்டினாள்.

"எனக்கு?" என்றான் அவள் புருசன்.

"உங்களுக்கு எழுவது வீதத்தில."

பின்னால் வந்த மாமியார் சீதேவிப்பிள்ளை, கணினித் திரையின் நெற்றியில் மூன்றாவது தடவையாகத் திருநீறு பூசினாள். "அறுவத்தெட்டு வீதம் போதாதா மனே? இவருக்குப் பள்ளிக்கூடச் சோதினையில அவ்வளவு ஒருநாளும் வந்ததில்லையே."

"சீதேவி!" என்றார் அருமைநாயகம்.

"நான் மெசினுக்குச் சொன்னன்."

நிலோஜன் இதுவரை செய்தவை: மென்பொருளை அழித்து மீண்டும் போட்டான். மேசை விசிறியைக் கணினிக்குத் திருப்பிவிட்டு தான் வியர்த்தான். மாமி சொன்னதற்காக மேசையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினான். மென்பொருள் செய்தவர்களின் பரம்பரையைத் திட்டினான். செய்யாமல் விட்டது ஒன்றுதான். கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவில்லை. இயக்குநர்கள் கேட்பதில்லை.

ஒன்பதரைக்குக் கௌரவத்தை மடித்து வைத்துவிட்டு, காத்தான்குடியில் கணினி திருத்தும் பழைய சிநேகிதன் பாறூக்குக்கு அழைத்தான்.

"கொம்பியூட்டரே அணையிதா மச்சான், இல்லாட்டி சொப்ட்வெயார் மட்டும் மூடுதா?"

"சொப்ட்வெயார் மட்டும்."

"கண்ட கண்ட இடத்திலயா, ஒரே இடத்திலயா?"

நிலோஜன் யோசித்தான். ஏழு தடவை பார்த்தும் யோசிக்காத விசயம். "ஒரே இடம். அறுவத்தெட்டு."

"அப்ப சூடுமில்ல, பேயுமில்ல. சூடெண்டா ஒருக்கா முப்பதில நிக்கும், ஒருக்கா தொண்ணூறில நிக்கும். ஒரே இடத்தில நிக்கிதெண்டா அந்த இடத்தில என்னவோ கிடக்கு. இதக் கேக்கவா கடை திறக்க முன்னம் எடுத்த?"

"பன்ரண்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கன்டா."

"அதாலதான் கேக்கன். படத்த நடுவால ரெண்டா வெட்டு. முன்பாதிய விட்டுப் பாரு, மறுகா பின்பாதிய விடு. எது சாகுதோ அதுக்குள்ள தேடு. சத்தமா படமா எண்டு ஒண்டொண்டா மூடிப் பாரு. ஆளக் கண்டுபுடிக்கலாம்."

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. "என்னைய ரெண்டா வெட்டப் போறியா?"

"படத்த மாமா."

"அதுவும் நான்தானே."

வெட்டினான். முன்பாதி, அதாவது அருமைநாயகம் பிறந்தது முதல் உத்தியோகம் கிடைத்தது வரை, ஒரு முனகலுமில்லாமல் நூறு வீதம் ஓடி முடிந்தது. அதை அப்படியே பத்திரப்படுத்தினான். பின்பாதி, சாதனைகளெல்லாம் உள்ள பாதி, மூன்றே நிமிடத்தில் செத்தது.

சத்தத்தில் பிழையோ என்று பார்க்க, பின்பாதியின் ஒலிப் பட்டிகளை மேலிருந்து கீழாகத் தடதடவென்று அழுத்திக்கொண்டு போனான். ஒரு தட்டுக்கு மூடும், மறு தட்டுக்குத் திறக்கும் பொத்தான்கள் அவை. வர்ணனைக்காரரின் கனத்த குரல் மூடியது. வீணை இசை மூடியது. கமெராவோடு பதிவாகி, ஆறு கிழமையாக மூடியே கிடந்த வெளிச்சத்தம் திறந்தது. அவனுக்கு இது கேட்கவில்லை. ஒலிபெருக்கியை முந்தாநாளே அணைத்திருந்தான். மாமனாரின் புகழைக் கண்ணால் பார்ப்பதே போதும் என்று.

அப்படியும் பின்பாதி செத்தது. சத்தமில்லை என்றால் படம்தான். ஒவ்வொரு துண்டாக எடுத்தான். தோணிக் காட்சியை எடுத்தான், செத்தது. வட்டைக் காட்சியை எடுத்தான், செத்தது. வாவிக்குள்ளிருந்து சூரியன் எழும்புகிற இடத்தில், சூரியனுக்குப் பதிலாக அருமைநாயகத்தின் முகம் எழும்பும். அந்த முகத்தை எடுத்தான்.

மென்பொருள் நிம்மதியாக ஓடியது.

முகம் இருந்த கோப்பை அமத்திப் பார்த்தான். இரண்டே முக்கால் ஜிபி. ஒரு சாமத்தியச் சடங்கு முழுவதும், பந்தி உட்பட, அதற்குள் அடங்கும்.

"மாமா, இந்தப் படம் எங்கால?"

"நான் பென் ட்றைவில தந்ததுதானே. பெனர் கடையில எடுத்த. சந்தியில நிக்கிற இருவத்துநாலடிப் பெனருக்கு அடிச்ச ஒரிஜினல். தர ஏலாதெண்டான். ரெண்டு மணித்தியாலம் நிண்டு வாங்கினன்."

"மாமா, மண்டபத்துத் திரை ரெண்டாயிரம் புள்ளிகூட அகலமில்ல. உங்கட முகம் நாப்பத்து மூவாயிரம் புள்ளி. சொப்ட்வெயாருக்கு உங்களத் தூக்க ஏலாமக் கிடக்கு."

அருமைநாயகத்தின் முகத்தில் ஒரு திருப்தி பரவியது. "அப்பிடியா?"

"குறைக்கணும் மாமா."

திருப்தி வடிந்தது. "போன மாசம் அந்தப் பள்ளிக்கூட அதிபருக்கு நீ எடுத்த படத்தில அவர்ட முகம் சுவர் முட்ட வந்தது. நான் அவருக்குக் குறைவா?"

"குறைச்சாலும் திரையில அதே அளவுதான் தெரியும்."

"அதே அளவெண்டா என்னத்துக்குக் குறைக்கணும்?"

இதற்கு மறுமொழி எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் சொல்லித் தரப்படுவதில்லை.

"ஒரு புள்ளி குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்," என்று விரலை நீட்டிவிட்டு, தலைமுடிக்குச் சாயம் பூச அருமைநாயகம் கிணற்றடிக்குப் போனார்.

சாயம் காய அரை மணித்தியாலம் எடுக்கும். முகத்தைக் குறைக்க நாற்பது செக்கன் எடுத்தது. நிமிர்ந்தபோது வாசலில் தனுஷா நின்றாள்.

"அப்பாட்டச் சொல்லட்டா?"

"சொல்லாத தனு. இன்னும் மூண்டு மணித்தியாலம். மறுகா முன்னறை நமக்கு."

"நமக்கா?"

"எனக்கெண்டா நமக்குத்தானே."

அவள் அவனைச் சற்று நேரம் பார்த்தாள். அதில் கோபமில்லை. சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவள் பார்வை அது. "சோறு ஆறுது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அறுபத்தெட்டு கடந்தது. எண்பது, தொண்ணூறு. முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டி, இரண்டு ஐம்பதுக்கு நூறு. 'முழுசா ஒருக்கா ஓட விட்டுப் பாரு' என்று பாறூக் செய்தி அனுப்பியிருந்தான். நிலோஜன் பெருவிரலை உயர்த்திக் காட்டும் படமொன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு, கோட்டை அயன்பண்ணப் போனான்.

புளியந்தீவு மண்டபத்தில் ஐந்நூறு கதிரை, நூற்றிருபது பேர். அதில் நாற்பது பேர் உறவினர், முப்பது பேர் விழாக் குழு, மீதிப் பேர் சிற்றுண்டிப் பொதி கொடுக்கப்படும் என்று அழைப்பிதழில் வாசித்தவர்கள். படத்தை ஓட்டும் அறை மேடைக்குப் பின்னால். அங்கே உட்கார வேண்டியவன் நிலோஜன். ஆனால் 'இயக்குநர்' என்று சட்டையில் குத்திய பட்டியோடு பின்னறையில் இருந்தால் யார் பார்ப்பார்கள்? முன்வரிசையில் உட்கார்ந்தான். மண்டபத்துப் பராமரிப்பாளர் பொத்தானை அமத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்.

முதல் பதினொரு நிமிடம் வீணையும் கனத்த குரலுமாக மங்களகரமாய்ப் போனது. மேடையில் பொன்னாடையோடு இருந்த அருமைநாயகம் இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்தார்.

பிறகு பழைய புகைப்படங்கள் சில நகர்ந்தபின் வாவியிலிருந்து முகம் எழும்பியது. சத்தமில்லாமல். சபை அதை மரியாதைக்குரிய மௌனம் என்று எடுத்துக்கொண்டது.

அடுத்தது வட்டைக் காட்சி. வரம்பில் அருமைநாயகம் கைநீட்டி நிற்கிறார். மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் அவருடைய குரல் வந்தது.

"மருமகன், வயிறு தெரியிதா?"

"கொஞ்சம் உள்ளுக்க எடுங்க மாமா."

"எடுத்தாச்சு."

"இன்னும்."

சபையில் யாரோ இருமினார்கள். நிலோஜன் சட்டையிலிருந்த 'இயக்குநர்' பட்டியைக் கையால் மறைத்தான்.

திரையில் ஒரு விவசாயி கும்பிட்டார். "ஐயா, நான் என்ன சொல்லணும்?"

"ஐயாதான் எங்களுக்குத் தண்ணி கொண்டந்தவர் எண்டு சொல்லு."

"தண்ணி வாய்க்காலால வாறதுதானே."

"சொல்லு எண்டாச் சொல்லன்."

விவசாயி நெற்றியில் கைவைத்துக் கூர்ந்து பார்த்தார். "இவர் கந்தோரில எங்கட பெட்டிசத்த ரெண்டு வருசம் மேசை லாச்சிக்குள்ள வச்சிருந்தவரெல்லா?"

இந்தத் தடவை இருமல் இல்லை. சிரிப்பு. பின்வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையாக முன்னுக்கு வந்தது.

நிலோஜன் எழும்பினான். பின்னறைக்குப் போக மேடையைக் குறுக்கே கடக்க வேண்டும். அவன் மேடையேறியபோது, மாமனாரின் வெள்ளை வேட்டிக்குக் குறுக்கே அவனுடைய நிழல் திரையில் பதினைந்தடி உயரத்துக்கு விழுந்தது. அங்கே வயர் ஒன்று கிடந்தது. அதில் கால் மாட்டி, பிரதம விருந்தினரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். விழுந்து கிடக்கும்போதுதான் தோணிக் காட்சி தொடங்கியது. அருமைநாயகம் தோணியில் நின்று வாவியை ஆசீர்வதிக்கிறார். கரையில் நின்று தொலைபேசியில் பேசும் நிலோஜனின் குரல்.

"பாறூக்கு, ஆள் தோணில எழும்பி நிக்கிறார்டா. விழுந்தாலும் நல்லம். விழுந்தாலும் முன்னறை எனக்கு, விழாட்டியும் எனக்கு." ஒரு சிரிப்பு. "ஆரு, தனுஷாவா? அவளுக்கு என்னத்துக்கு அறை? அவள் குசினிக்குள்ள கிடக்கிறவள். வாயப் பொத்திக்கிட்டுக் கிடந்தாச் சரி."

இரண்டாம் வரிசையில் தனுஷா மடியிலிருந்த சிற்றுண்டிப் பொதியை மூடினாள். பக்கத்தில் சீதேவிப்பிள்ளை தன்னுடையதைத் திறந்தாள்.

நிலோஜன் பின்னறையை அடைந்தபோது படம் தானாகவே முடிந்திருந்தது. குறையில்லாமல், ஓரிடத்திலும் நிற்காமல், இருபத்திரண்டு நிமிடமும் ஓடியிருந்தது.

பிரதம விருந்தினர் ஒலிவாங்கிக்கு வந்தார். அவர் முப்பது வருடமாகப் பிரதம விருந்தினராக இருப்பவர். எதைப் பார்த்தும் அசையமாட்டார். "பின்னணி இசையைத் தவிர்த்து, மண்ணின் இயல்பான குரல்களை மட்டும் ஒலிக்கவிட்ட இயக்குநரின் துணிச்சலைப் பாராட்டுகிறேன். இதுதான் யதார்த்தம்," என்றார். விழாக் குழு கைதட்டியது. கைதட்டாமல் இருந்தவர் நாயகன் ஒருவர்தான்.

மண்டப வாசலில் ஆட்கள் கலையும்போது அருமைநாயகம் மருமகனின் தோளில் கைபோட்டார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வாழ்த்துப் போலிருந்தது.

"வீட்டுப் பக்கம் வராதீங்க மருமகன்."

ஆட்கள் நின்றார்கள் அல்லவா, அதனால் 'நீங்க'.

"மாமா, படம் ஓடினா முன்னறை எனக்கெண்டு சொன்னீங்க. ஓடினதுதானே?"

"அப்பா," என்றாள் தனுஷா, இருவருக்கும் நடுவில் வந்து. "நீங்க அப்பிடிச் சொல்ல ஏலா."

நிலோஜன் அவளை நன்றியோடு பார்த்தான். ஏழு வருடத்தில் முதல் தடவையாக மனைவி அவனுக்காகப் பேசுகிறாள்.

"அந்த வீடு உங்கட இல்ல. எனக்குச் சீதனமா எழுதினது. முன்னறையும் என்ட, குசினியும் என்ட, கோழிக்கூடும் என்ட. ஆறு கிழமையா ரெண்டு ஆம்பிளையளும் இருந்து என்ட அறையப் பேரம் பேசினீங்க. ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல."

அருமைநாயகம் பொன்னாடையை இழுத்துப் போர்த்தார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவர் அவரே.

"அதுதானே தனு," என்றான் நிலோஜன். "வராத எண்டு சொல்ல மாமாக்கு என்ன உரிமை?"

"ஓம். சொல்றதெண்டா நான்தான் சொல்லணும்." அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "வராதீங்க."

ஓட்டோ வந்தது. சீதேவிப்பிள்ளை முதலில் ஏறினாள். பிறகு பொன்னாடை. கடைசியில் ஏறிய தனுஷா தலையை வெளியே நீட்டினாள்.

"திங்கக்கிழமை முன்னறைக்கு ஆள் வருது. அதுக்குள்ள உங்கட மெசின எடுங்க."

"ஆரு? ஆரு வாறது?"

ஓட்டோவின் சத்தத்தில் அவள் எதையோ சொன்னாள், அல்லது சொல்லவில்லை. தகப்பனும் அதே கேள்வியை அவளிடம் கேட்பது மட்டும் பின்கண்ணாடியில் தெரிந்தது.

நிலோஜன் கமெராத் தாங்கியைத் தோளில் சாத்திக்கொண்டு பாலத்தைக் கடந்தான். சந்தியில் இருபத்துநாலடி அருமைநாயகம் அவனைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்தபோது பொழுதுபட இன்னும் கொஞ்சம் இருந்தது. கேற் பூட்டிக் கிடந்தது. பெல்லை அமத்தினான். உள்ளே சீதேவிப்பிள்ளை டீவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

முன்வீட்டு பீற்றிஸ் டீச்சர் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, டைரக்டர் வெளியில நிக்கிறீங்க?"

"திறப்ப எடுக்க மறந்திட்டன் டீச்சர்."

கல்யாணமாகிய ஏழு வருடத்தில் அந்த வீட்டுப் பூட்டுக்குத் திறப்பு ஒன்றை யாரும் அவனிடம் கொடுத்ததில்லை.